ஐந்தாம் உப்பு

பிப்பெட் அண்ணன் ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடம் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தது. ‘முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு பிழையுமின்றிப் பணியாற்றியவர்’ என்று பத்திரத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதற்குச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் படிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். பிழை ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும். யாருக்கு முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டுமோ அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பிழை தன்னுடையது என்றுதான் அவள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நெடுநெடுவென்று ஒல்லியான உடம்பு, நடுவில் மட்டும் உருண்டையாக ஒரு தொப்பை. வேதியியல் லேபில் திரவத்தை அளந்து உறிஞ்சி எடுக்க நீளமான ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, அதற்கும் நடுவில் இப்படித்தான் உப்பியிருக்கும், அதன் பெயர் பிப்பெட். என்றோ ஒரு வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். வைத்தவர்களுக்குக் கல்யாணமாகி, அவர்களுடைய பிள்ளைகள் வந்து அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

மணி அடிக்கிற வேலைக்குத்தான் அவர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எட்டாம் வகுப்புவரை படிப்பு. லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் வராமல் போகவே, “ஆள் வர்ற வரைக்கும் சும்மா பாத்துக்கப்பா” என்று அப்போதிருந்த தலைமையாசிரியர் சாவியை அவர் கையில் கொடுத்தார். ஆள் வரவில்லை. அந்தச் சும்மா முப்பத்தோரு வருஷம் ஓடியது.

மாடியின் கோடி அறை. அமிலம் தின்று குழி குழியாகிப்போன ஆறு மேசைகள், நான்கு தொட்டிகள், தண்ணீர் வருகிற ஒரே ஒரு குழாய். சுவரலமாரியில் கண்ணாடி பாட்டில்கள். அமிலப் புகைக்குக் காகிதம் தாங்காது, ஒட்டிய லேபிள் ஒரு வருஷத்தில் பழுத்து உதிர்ந்துவிடும். அதனால் பிப்பெட் அண்ணன் தன் வழியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். மனைவியின் தையல் டப்பாவிலிருந்து கலர் கலராக நூல் கொண்டுவந்து பாட்டில் கழுத்துகளில் கட்டினார். சிவப்பு ஒரு சுற்று என்றால் இது, மஞ்சள் இரண்டு சுற்று என்றால் அது. எது எது என்பது அவர் மண்டையில் மட்டும். எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்தால் அப்புறம் அவரை யார் தேடுவார்கள்? எம்.எஸ்ஸி. படித்த ஆசிரியர்கள் வாசலில் நின்று, “அண்ணே, அமோனியம் குளோரைடு எது?” என்று கேட்கிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன காயத்துக்கு அதுதான் மருந்து.

அவருக்கு வேலையும் தெரியும், அதையும் சொல்ல வேண்டும். பார்த்துப் பார்த்தே படித்தவர். எந்தக் கரைசலை எதில் விட்டால் என்ன நிறம் வரும், எவ்வளவு நேரத்தில் வரும், வராமல் போனால் எங்கே தப்பு என்பதெல்லாம் அத்துப்படி. அவருக்கு மேலே வந்துபோன ஏழு ஆசிரியர்களில் பாதிப்பேர் டெஸ்ட் டியூப் பிடிக்கவே பயப்படுகிறவர்கள். அவர்களுக்குப் பரிசோதனை என்றால் கரும்பலகையில் ஒரு டெஸ்ட் டியூப் படம், அதற்குள் சாக்பீஸால் நாலு புள்ளி, பக்கத்தில் ‘வெண்ணிற வீழ்படிவு’ என்று ஒரு வரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? வருஷம் முழுக்கக் கை படாத பிள்ளைகள் செய்முறைத் தேர்வன்று லேபுக்குள் வந்து, கோயிலுக்குள் செருப்போடு வந்தவர்கள் மாதிரி விழித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் பரிதாபத்தைப் பார்த்துத்தான் பிப்பெட் அண்ணன் துடைப்பு முறையைக் கண்டுபிடித்தார். தேர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொட்டலம் உப்பு கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று சோதித்துச் சொல்ல வேண்டும். மொத்தம் எட்டு உப்புகள். தேர்வுக்கு முந்தின வாரம், யார் எழுதியது என்று தெரியாத ஒரு தாள் வகுப்பில் கைமாறும், அதில் எட்டுப் பெயரும் வரிசையாக இருக்கும். தேர்வன்று அவர் ஈரத் துணியோடு மேசை மேசையாக வருவார். உன் மேசையை மூன்று தடவை துடைத்தால் உன்னுடையது மூன்றாம் உப்பு. ஆறு தடவை துடைத்தால் ஆறாம் உப்பு. பிள்ளைகள் விடையை எழுதிவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி சோதனைகளைப் பின்னாலிருந்து முன்னால் எழுதிக்கொண்டு போவார்கள். எல்லோரும் பாஸ். தலைமையாசிரியருக்கு இது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். “நம்ம லேப் எப்பவும் சுத்தமா இருக்குப்பா” என்று தோளைத் தட்டுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு, அவர் ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது, எட்டாவதாக ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே அலமாரிப் பூட்டைத் திறக்கச் சொன்னார். இனிமேல் பூட்டவே வேண்டாம் என்றார். கரும்பலகைப் பக்கம் போகவே இல்லை. இருபத்து நான்கு பிள்ளைகள் கையிலும் ஆளுக்கு ஒரு டெஸ்ட் டியூப். “புத்தகம் என்ன சொல்லுதுன்னு நான் கேக்கல. உன் டியூப் என்ன சொல்லுது? அதைச் சொல்லு” என்பார். இதுதான் அவருடைய மந்திரம். கண்ணாடி உடைந்தது, கை பொத்துப்போனது, ஜன்னல் திரையில் ஓட்டை விழுந்தது. டீச்சர் அசரவில்லை. அண்ணனுக்குத்தான் நாளுக்கு நாள் வயிறு எரிந்தது. முப்பது வருஷமாக அவர் ஒருவருக்கே தெரிந்த வித்தை இப்போது ஆளுக்கு ஆள் கையில் புழங்குகிறதே என்ற எரிச்சல், வேறென்ன.

அந்த இருபத்து நான்கில் ஒருத்தி பஞ்சர் கடைக்காரரின் மகள். அப்பாவின் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். கை நடுங்காது. அவளுக்கு வேதியியல் படிக்க வேண்டும், கல்லூரிக்குப் போக வேண்டும். அவளுடைய அத்தை பிஸ்கட் ஃபாக்டரியில் பேக்கிங் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவள். “பொம்பளப் புள்ளைக்கு ஆசிட் வாசம் எதுக்கு, என்கூட அனுப்பு” என்று இவள் அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தாள். அப்பா ஒரு முடிவு சொல்லிவிட்டார். “ஒரே தடவைதான். எல்லாத்துலயும் பாஸாகிட்டா காலேஜ். ஒண்ணுல போச்சுன்னாலும் அத்தைகூடப் போயிடணும். அப்புறம் அழக் கூடாது.” அவள் சரி என்றாள். இது வகுப்புக்கே தெரியும், டீச்சருக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

நூலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? டீச்சருக்கு அந்த நூல் பிடிக்கவில்லை. “அண்ணே, நீங்க ஒரு நாள் லீவு போட்டா இந்த லேபே ஊமையாயிடும்” என்றார். பிள்ளைகளை விட்டே எல்லா பாட்டிலையும் சோதிக்க வைத்தார். இருபத்திரண்டு பாட்டில்கள். அண்ணன் நூலைப் பார்த்துப் பெயர் சொல்வார், பிள்ளைகள் சோதித்துச் சொல்வார்கள், இரண்டும் ஒத்துப்போனால் டீச்சர் கையால் எழுதிய லேபிள். இருபத்தொன்று ஒத்துப்போயின. ஒன்றில் மட்டும் வம்பு. அண்ணன் ஜிங்க் சல்பேட் என்றார், பஞ்சர் கடைக்காரர் மகள் மெக்னீசியம் சல்பேட் என்றாள். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி வெள்ளைப் படிகம். கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இரண்டும் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரியும். இன்னும் நிறைய விட்டால்தான் குட்டு உடையும். ஜிங்க் என்றால் அந்தத் தயிர் முழுக்கக் கரைந்து தெளிந்துவிடும். மெக்னீசியம் என்றால் எவ்வளவு ஊற்றினாலும் அசையாது.

“இன்னும் ஊத்து” என்றார் டீச்சர். ஊற்றினாள், தெளிந்தது. “அண்ணன் சொன்னதுதான் சரி. நீ கொஞ்சமா ஊத்திட்டு அவசரப்பட்டுட்ட.” வகுப்பே கை தட்டியது. அண்ணனுக்குத் தலை கால் புரியவில்லை. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் அவள் அந்தச் சோதனையை எப்போது செய்தாலும் டியூபின் விளிம்புவரை ஊற்றிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

பிறகு பாட்டில்களைக் கழுவித் துடைத்து லேபிள் ஒட்டினார்கள். கழுவும்போது நூல்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். மறுநாள் வந்து பார்த்த அண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் புது நூல் கொண்டுவந்து இருபத்திரண்டு பாட்டிலுக்கும் கட்டினார். லேபிளை அவர் பார்க்கவே இல்லை, பார்த்தால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமாம். இந்தத் தட்டில் இடமிருந்து மூன்றாவது இது, நான்காவது அது என்று, முப்பது வருஷமாகப் பாட்டில் உட்கார்ந்திருந்த இடத்தை வைத்தே கட்டினார். கட்டி முடித்து, எல்லா லேபிளையும் சுவர்ப் பக்கம் திருப்பியும் வைத்தார். கழுவின பிள்ளைகள் பாட்டிலை எடுத்த இடத்திலேயேதான் வைத்திருப்பார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. ஜிங்கின் நூல் மெக்னீசியத்தின் கழுத்தில் ஏறியது.

தேர்வு வந்தது. வழக்கம்போல் எட்டுப் பெயர் எழுதிய தாள் வகுப்பில் கைமாறியது. டீச்சர் அதைப் பிடித்துக் கிழித்துக் குப்பையில் போட்டார். தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். “டீச்சர், நம்ம சதவீதத்தை யார் காப்பாத்துவா?” என்றார். “பிள்ளைங்க கை காப்பாத்தும் சார்” என்றார் டீச்சர். பிள்ளைகள் என்ன, அவ்வளவு விவரமில்லாதவர்களா? கிழிவதற்கு முன்பே பாதிப்பேர் மனப்பாடம் செய்துவிட்டிருந்தார்கள். பஞ்சர் கடைக்காரர் மகள் மட்டும் அந்தத் தாளைப் பிரித்தும் பார்க்கவில்லை.

பொட்டலம் கட்டுவது எப்போதும் அண்ணன் வேலை. முந்தின நாள் சாயங்காலம் நூலைப் பார்த்து எட்டு பாட்டிலை எடுத்தார், இருபத்து நான்கு பொட்டலம் கட்டி எண் போட்டார், எந்தப் பொட்டலத்தில் எந்த உப்பு என்று பட்டியல் எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஐந்தாம் உப்பு, ஜிங்க் சல்பேட், மூன்று பொட்டலம். மெக்னீசியம் அந்த வருஷத்து எட்டில் கிடையாது.

தேர்வன்று சொந்த டீச்சர் உள்ளே இருக்கக் கூடாது என்பது சட்டம். வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். பிளாஸ்கில் டீ, கையில் செய்தித்தாள், கண் முழுக்கக் கடிகாரத்தில். அண்ணன் துணியை நனைத்துக்கொண்டு கிளம்பினார். மேசை மேசையாகத் துடைத்துக்கொண்டு வந்து பஞ்சர் கடைக்காரர் மகளின் மேசைக்கு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

“போதும்ணே” என்றாள் அவள் மெதுவாக. “மேசை சுத்தமாத்தான் இருக்கு.”

அவர் நின்று மீதி இரண்டையும் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. திமிரைப் பாரு என்று நினைத்துக்கொண்டார்.

தேர்வாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பட்டியலையும் தாளையும் ஒத்துப் பார்த்து மார்க் போட்டார். ஐந்தாம் உப்பு வந்த மற்ற இரண்டு பேரும் ஜிங்க் என்று எழுதி முழு மார்க் வாங்கிக்கொண்டு போனார்கள். இவள் தாள் வந்ததும் அவர் சிரித்துவிட்டார்.

“மெக்னீசியமா? லிஸ்ட்லயே இல்லாத உப்பும்மா இது. எங்க இருந்து கொண்டு வந்த?”

“சார், நான் டியூப் நிறைய ஊத்தினேன் சார். கரையவே இல்ல.”

“கரையலேன்னா நீ ஊத்தலேன்னு அர்த்தம். உப்பே தப்புன்னா பாதி மார்க்குக்கு மேல போச்சு. மிச்சத்துல தேற மாட்டம்மா. அடுத்த தடவை ஒழுங்கா செய்.”

அவள் இன்னும் ஏதோ சொல்லப்போனாள். அவர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். அவள் வெளியே போன பிறகு அண்ணன் அவள் மேசையைச் சுத்தம் செய்யப் போனார். வேண்டும் இவளுக்கு என்றுதான் போனார், பொய் சொல்வானேன். டெஸ்ட் டியூப் தாங்கியில் அவள் வைத்துவிட்டுப் போன டியூப் நின்றது. விளிம்புவரை கரைசல், இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழிந்துவிடும். அடியில் வெள்ளைத் தயிர், கொஞ்சம்கூடக் கரையாமல்.

அண்ணனுக்கு அதைப் படித்துச் சொல்ல ஒருவரும் வேண்டாம். இத்தனை ஊற்றியும் ஜிங்க் இப்படி நிற்காது. கால்கள் தானாக அலமாரிக்குப் போயின. ஐந்தாம் உப்பு எடுத்த பாட்டிலை, ஜிங்க் நூல் கட்டின பாட்டிலை, சுவர்ப் பக்கத்திலிருந்து திருப்பினார். டீச்சரின் குண்டு குண்டான எழுத்து: மெக்னீசியம் சல்பேட்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின யானை எழுந்து நின்றால் தீர்ந்தது. தேர்வாளர் உட்கார்ந்திருந்த மேசை எட்டடி தூரம். அண்ணன் அதன் முன்னால் போய் நிற்கவும் செய்தார்.

“என்ன?” என்றார் தேர்வாளர், தாளிலிருந்து தலை நிமிராமல்.

“டீ சூடு பண்ணித் தரட்டுமா சார்?”

“வேணாம், வேணாம். சீக்கிரம் முடிச்சுட்டா போதும்.”

திரும்பி வந்தார். அந்த டியூபை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார். பொட்டலத்தில் மிச்சமிருந்த உப்பையும் அதன் மேலேயே தட்டினார். தண்ணீரை நன்றாகத் திறந்துவிட்டார். தூரிகை போட்டு டியூபைத் தேய்த்துக் கழுவி, மற்ற டியூப்களோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தார். எது எந்தப் பிள்ளையின் டியூப் என்று இனிமேல் கடவுளாலும் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் மூச்சு வாங்க உள்ளே வந்தார், பின்னாலேயே அவள். கடைசிப் பிள்ளையும் போயாகிவிட்டது.

“அண்ணே, இவ டியூப் எங்க?”

“கழுவிட்டேனே டீச்சர். எல்லாத்தையும்தான் கழுவினேன்.”

“நிறைய ஊத்தியிருந்தாளா? பாத்தீங்களா?”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் துணியைப் பிழிந்தார். “நான் எங்க டீச்சர் அதெல்லாம் பாத்தேன்? இருபத்து நாலு மேசை.”

டீச்சர் தேர்வாளரிடம் கெஞ்சினார். இந்தப் பெண் இந்த ஒரு சோதனையில் தப்பு செய்ய மாட்டாள், பொட்டலத்தில்தான் ஏதோ கலப்பு நடந்திருக்க வேண்டும் என்றார். தேர்வாளர் கெட்டவரல்ல, சலிப்பான மனுஷர். “சரி, நாளைக்கு இன்னொரு பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இதே லேப்ல தேர்வு. அரை மணி முன்னாடி வரேன். பொட்டலம் எந்த பாட்டில்ல எடுத்தாங்களோ அதே பாட்டிலைக் கொண்டு வரட்டும். என் கண்ணு முன்னால இந்தப் பொண்ணு செய்யட்டும். மெக்னீசியம்னு வந்தா நானே மார்க்கைத் திருத்திடறேன். வரலேன்னா அதோட விட்டுடணும்.”

“போதும் சார், அது போதும்” என்றாள் அவள். அவள் முகத்தில் அப்போது வந்த தெளிச்சியை அண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு விளக்கை அணைக்கப் போனார்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இப்ப உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?”

“ஆமா.”

“அப்ப சும்மா இருங்க. நீங்க ரிட்டயராக இன்னும் பதினேழு நாள்.”

“அந்தப் பொண்ணு படிப்பு போயிடும்டி.”

“அடுத்த வருஷம் எழுதட்டும்.”

“எழுத விட மாட்டான் அவ அப்பன். ஃபாக்டரிக்கு அனுப்பிடுவான்.”

“என்னங்க, ஃபாக்டரி என்ன நரகமா? நானும்தான் பதினாலு வயசுல தையல் மெஷின்ல உக்காந்தேன். எனக்காக யார் பாட்டிலைத் தூக்கிட்டு வந்தாங்க?” என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, “அந்த உப்பு ஜிங்க் இல்லேன்னா, மத்த ரெண்டு பேரும் எப்படி ஜிங்க்னு எழுதினாங்கன்னு கேப்பாங்களே. என்ன சொல்வீங்க? மேசையைத் துடைச்சேன்னா?” என்றாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு நூலை இழுத்தால் முப்பது வருஷமும் அவிழ்ந்துவிடும். ஆனால் மனசாட்சியைத் தட்டிப் பார்த்தால் பயம்கூட இரண்டாவதுதான். வகுப்பு முன்னால் டீச்சர், “அண்ணன் தப்பு, அவ சொன்னதுதான் சரி” என்று சொல்வதைக் காதால் கேட்க வேண்டியிருக்கும். அதை அவரால் தாங்க முடியாது. ஒரு பெண்ணின் படிப்பைவிட அந்த ஒரு வாக்கியம் அவருக்குக் கனமாக இருந்தது. மனிதர்கள் இவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் போய் லேபைத் திறந்தார். இரண்டு பாட்டில்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கத்தரியால் இரண்டு நூல்களையும் வெட்டி இடம் மாற்றிக் கட்டினார். இப்போது நூலும் லேபிளும் சண்டையில்லாமல் இருந்தன. ஒரு பாட்டிலை அலமாரியில் வைத்தார். மற்றதைக் கையில் எடுத்து, அப்புறம் கீழே வைத்து, துணியால் துடைத்து, மறுபடியும் எடுத்தார்.

எல்லோரும் வந்தார்கள். தலைமையாசிரியரும் வாசலில் வந்து நின்றார். அவள் தலையை வழித்து வாரி, சீருடையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தாள். அண்ணன் பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

“இதுல இருந்துதான் எடுத்தீங்களாண்ணே? நல்லா ஞாபகம் இருக்கா?” என்றார் டீச்சர்.

“இதுதான் டீச்சர். முப்பத்தோரு வருஷமா வேற வேலையா பாத்தேன்?”

டீச்சர் லேபிளைப் பார்த்தார். அவருடைய எழுத்துதான், ஜிங்க் சல்பேட். அன்றைக்கும் அண்ணன்தானே சரியாகச் சொன்னார். டீச்சரின் முகம் கொஞ்சம் சுருங்கியது. விலகி நின்றார்.

அவள் கரண்டி நுனியால் படிகத்தை எடுத்துக் கரைத்தாள். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெள்ளையாகத் திரிந்தது. நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் ஊற்றினாள். டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். வெள்ளை மெலிந்தது. ஓரத்தில் ஒரு கோடாக நின்றது. அதுவும் போய், குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது.

அவள் டியூபை ஆட்டிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை.

“என்னம்மா?” என்றார் தேர்வாளர்.

“ஜிங்க் சார்.”

“நேத்து நிறைய ஊத்தினேன்னியே.”

“ஊத்தினேன் சார். விளிம்பு வரைக்கும்...” என்று ஆரம்பித்தாள். கையிலிருந்த டியூபைப் பார்த்தாள், குரல் இறங்கியது. “ஊத்தினதாத்தான் ஞாபகம் சார்.”

டீச்சர் அவள் தோளில் கை வைக்கவில்லை. அவமானத்தில் அவர் காது சிவந்திருந்தது. “அன்னைக்கும் இதே தப்புதான் பண்ணின. கொஞ்சமா ஊத்திட்டு அவசரம். நான் உன்னை நம்பி எத்தனை பேர்கிட்ட பேசினேன்! சோதனை சொன்னா ஒத்துக்கணும். வருஷம் பூரா நான் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான்.”

“ஒத்துக்கறேன் டீச்சர்” என்றாள் அவள். “பயத்துல கம்மியா ஊத்தியிருப்பேன்.”

தலைமையாசிரியர் வாசலிலிருந்தே சொன்னார்: “கைல குடுத்தா இப்படித்தான் டீச்சர். அடுத்த வருஷம் அலமாரியைப் பூட்டியே வச்சிருப்போம்.” தேர்வாளர் மார்க் தாளில் பழைய எண்ணையே இன்னொரு தடவை மையால் அழுத்தி எழுதி உறையில் போட்டு ஒட்டினார். மூன்று பேரும் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

செய்தவர்தான் கழுவ வேண்டும் என்பது டீச்சர் போட்ட விதி. அவள் டியூபைத் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கழுவ ஆரம்பித்தாள். அண்ணன் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார். அறையில் அவர்கள் இரண்டு பேரும் குழாய்ச் சத்தமும்தான். இப்போதாவது சொல்லலாம். படியில் அவர்களுடைய காலடிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஒரு குரல் கொடுத்தால் போதும். அவர் தொண்டையைச் செருமினார்.

அவள் திரும்பினாள். “மன்னிச்சுடுங்கண்ணே. நேத்து ராத்திரி பூரா நீங்கதான் பொட்டலத்தை மாத்திட்டீங்கன்னு எங்கப்பாகிட்ட சொல்லி அழுதேன். பெரியவங்களைப் போய் அப்படி நினைச்சுட்டேன்.”

“பரவால்ல பாப்பா” என்றார் அவர். “இனிமே பொறுமையா ஊத்து.”

அவள் தலையாட்டினாள். கழுவின டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் அதை அவரிடம் நீட்டினாள்.

“சுத்தமாயிடுச்சான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே. எனக்கு என் கண்ணு மேல நம்பிக்கையே போயிடுச்சு.”

பிப்பெட் அண்ணன் அதை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“சுத்தமா இருக்கு” என்றார்.